எங்கள் டவுன் மரக் குழு: இரண்டு வருஷம் பார்த்த பிறகு எழுதுகிறேன்

என் போட்டோ கொப்பி கடை வாசலில் ஒரு சவுக்கு மரம் நிற்கிறது. அதற்கு நம்பர் 27. ஒரு சின்னத் தகரத்தில் பெயின்டால் நம்பர் எழுதி, ஆணி அடிக்காமல், மரத்தைச் சுற்றி நைலோன் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மரம் பருக்கப் பருக்கக் கயிறு இறுகும் இல்லையா, அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து அந்த முடிச்சைத் தளர்த்திவிட்டுப் போகிறார்கள். போன வருஷமும் வந்தார்கள், இந்த வருஷமும் வந்தார்கள். இந்த விமர்சனத்தை எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அந்த முடிச்சைப் பார்த்துத்தான்.

சொல்லப்போவது எங்கள் டவுன் மரக் குழுவைப் பற்றி. ஊர்ப் பெயர் போடவில்லை, நுவரெலியா மாவட்டத்தில் மேற்குச் சரிவில் உள்ள ஒரு சின்ன டவுன் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறவர்கள், நான் குறையும் சொல்லப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று தொடங்க நினைத்தால் எதைப் பார்த்துச் செய்யவேண்டும் என்று தெரியட்டும் என்றுதான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சவுக்கு. தமிழ்நாட்டு ஆட்கள் படித்தால் குழம்புவார்கள், அங்கே சவுக்கு என்றால் கடற்கரையில் நிற்கிற ஊசி இலை மரம். மலையகத்தில் நாங்கள் சவுக்கு என்று சொல்வது சில்வர் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். தேயிலைக்கு நிழலுக்கும் காற்றுத் தடுப்புக்கும் என்று தோட்டங்களில் வரிசை வரிசையாக வைத்தார்கள், அப்புறம் ரோட்டோரத்துக்கும் வந்துவிட்டது. இலை பிரித்துப் பிரித்து வெட்டிய மாதிரி இருக்கும், அடிப்பக்கம் வெள்ளி நிறம். வருஷம் பூராவும் இலை கொட்டும், கூரைப் பீலி அடைக்கும். அதற்காக நான் அதைத் திட்டியதும் உண்டு.

2023 ஜூலையில், தென்மேல் பருவக்காற்று உச்சத்தில் இருந்தபோது, இந்த மரத்தின் ஒரு கிளை முறிந்து கடைக் கூரையில் விழுந்தது. இரண்டு தகரம் போனது, ஒரு மெசின் நனைந்து கெட்டது. சம்பந்தப்பட்ட ஒபிசுக்குக் கடிதம் கொடுத்தேன், கையெழுத்து வாங்கினேன், மூன்று தடவை நடந்தேன். கடைசியில் ஒரு நாள் காலையில் நாலு பேர் செயின்சோவோடு வந்து, மரத்தைத் தலையோடு வெட்டி, இருபது அடி உயரத்துக்கு ஒரு மொட்டைக் கம்பமாக நிறுத்திவிட்டு, விறகை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இதை எல்லாம் சேர்த்து அரை மணித்தியாலத்தில் முடித்தார்கள். நானும் சந்தோஷப்பட்டேன், அதைச் சொல்லத்தான் வேண்டும். வெளிச்சம் வந்தது, கூரை தப்பியது என்று நினைத்தேன்.

மூன்று மாதத்தில் அந்த மொட்டைத் தலையில் துடைப்பக்கட்டு மாதிரி தளிர் வெடித்தது. பார்க்க மரம் பிழைத்துவிட்டது போல இருந்தது. ஆனால் அப்படி வெடிக்கிற தளிர்கள் மரத்தின் உள்ளேயிருந்து வருவதில்லை, பட்டைக்குக் கீழேயிருந்து ஒட்டவைத்தது போல வருகிறவை. பாரம் கூடக்கூட ஒட்டின இடம் தாங்காது. அதற்கு மேல், வெட்டின முகம் ஒரு தட்டு மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு மழையைக் குடிக்கும், உள்ளே உளுக்கத் தொடங்கும். மரத்தை மொட்டையடித்தால் ஆபத்து குறையாது, நாலு வருஷத்துக்குத் தள்ளிப்போகும், அதுவும் பெரிதாகி வரும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் குழுவில் இருக்கும் ஒரு கவ்வாத்து கங்காணி, தேயிலைச் செடி வெட்டுகிற வேலையை மேற்பார்த்தவர். ஓய்வுபெற்றவர், என் அப்பாவோடு ஒரே கேங்கில் வேலை செய்தவர், அதனால் எனக்கு மாமா.

"கவ்வாத்து வெட்டினால் தேயிலை நன்றாகத்தானே தழைக்கிறது மாமா, மரத்துக்கு மட்டும் ஏன் ஆகாது?" என்று நான் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தேயிலையை வெட்டுறதுக்கு முந்தி நாங்க என்ன செய்வோம்னு உங்க அப்பா சொல்லலியா தம்பி? வேரைக் கேட்டுட்டுத்தான் வெட்டுவோம்."

வேரைக் கேட்பது என்றால், பென்சில் மொத்தத்தில் ஒரு வேரை எடுத்து, குறுக்கே வெட்டி, அயடீன் தடவிப் பார்ப்பது. நன்றாகக் கறுத்தால் வேரில் மாப்பொருள் சேர்ந்திருக்கிறது, வெட்டலாம். கறுக்கவில்லை என்றால் அந்தத் தேயிலை மலையை இன்னும் கொஞ்ச நாள் கொழுந்து எடுக்காமல் ஆறவிடவேண்டும். சில தோட்டங்களில் ஒரு பக்கத்துக் கிளையை வெட்டாமல் விட்டுவைப்பார்கள், புதுத் தளிர் வரும்வரை அதுதான் செடிக்கு மூச்சு. உயரமான தோட்டங்களில் நாலு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் கவ்வாத்து. சின்ன வயதிலிருந்தே வெட்டிப் பழக்கி, இடுப்பளவில் வைத்திருக்கிற செடி அது. ரோட்டோர மரம் ஐம்பது வருஷம் தன் போக்கில் வளர்ந்தது, ஒரு நாள் திடீரென்று தலையை எடுத்தால் அதற்கு ஒன்றும் தெரியாது, இருக்கிற சேமிப்பை எல்லாம் கொட்டித் தளிர் விடும், அவ்வளவுதான். தோட்டத்துப் பிள்ளையான எனக்கு இது 40 வயதுக்கு மேல்தான் விளங்கியது என்பது கவலையாகத்தான் இருக்கிறது.

குழு எப்படி வந்தது என்றால், 2023 ஒக்டோபர் 6ஆம் தேதி கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் மேல் ஒரு பெரிய மரம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள், ஞாபகம் இருக்கும். அடுத்த கிழமை எங்கள் டவுனில் எல்லோரும் பஸ் ஸ்டாண்ட் மரங்களைத்தான் அண்ணாந்து பார்த்தோம். கடைக்காரர்கள் பாதிப் பேர் எல்லாவற்றையும் வெட்டச் சொன்னார்கள். அந்த நேரம் கேட்பதற்கு உறுப்பினர்களும் இல்லை, அந்த வருஷம் மார்ச்சில் உள்ளூராட்சி சபைகள் கலைந்துபோய், 2025 மே 6 தேர்தல் வரைக்கும் அதிகாரிகள்தான் நடத்தினார்கள். அப்போது ஓய்வுபெற்ற ஒரு டீச்சர், வெட்டுவதற்கு முன்னால் எந்த மரம் கெட்டது எந்த மரம் நல்லது என்று ஒரு தடவை பார்த்து எழுதிவிடுவோமே என்று சொன்னார். விகாரையிலிருந்து ஒரு ஹாமதுருவும் பள்ளிவாசல் ஆட்களும் கோயில் ஆட்களும் ஒத்துக்கொண்டார்கள். த்ரீவீல் ஸ்டாண்ட் தலைவர் சேர்ந்தார். மாமாவைக் கூப்பிட்டார்கள். 2024 ஆரம்பத்திலிருந்து வேலை நடக்கிறது.

அவர்களிடம் இருப்பது ஒரு சீஆர் கொப்பி, தடித்த அட்டைக் கொப்பி. ஒரு மரத்துக்கு ஒரு பக்கம். என்ன மரம், அடியில் சுற்றளவு எவ்வளவு, எந்தப் பக்கம் சாய்கிறது, அடித்தண்டில் காளான் இருக்கிறதா, மண் வெடித்திருக்கிறதா, மேலே எந்தக் கரண்ட் கம்பி போகிறது. மரச் சுத்தியலால் தண்டைச் சுற்றித் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல மரம் கெட்டியாகச் சத்தம் தரும், உள்ளே உளுத்தது மேளம் மாதிரி ஒலிக்கும். அடியில் தட்டுக்காளான் முளைத்திருந்தால் சிவப்பு மையில் ஒரு கோடு. எனக்குப் பிடித்தது, அந்தப் பக்கங்களில் கீழே இடம் விட்டிருப்பது. ஆறு மாதம் கழித்துத் திரும்ப வந்து, அதே பக்கத்தில், தேதி போட்டு எழுதுகிறார்கள். 27ஆம் பக்கத்தில் இப்போது ஐந்து தேதிகள் இருக்கின்றன, நானே பார்த்தேன், போட்டோ கொப்பி எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

என் மரத்தை அவர்கள் சரிசெய்தது ஒரு சனிக்கிழமை. மொட்டைத் தலையில் வந்த தளிர்களில் நல்லதாக நாலைந்தை விட்டுவிட்டு மற்றதை எடுக்கவேண்டும், அப்புறம் கூரைப் பக்கம் முன்பு வெட்டாமல் விட்டிருந்த ஒரு பழைய கிளையை எடுக்கவேண்டும். அந்தக் கிளையை வெட்டினதை நான் கீழே நின்று முழுக்கப் பார்த்தேன். மாமா செயின்சோவைத் தொடவில்லை, கைவாள்தான். முதலில் தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கீழேயிருந்து மேலாக மூன்றில் ஒரு பங்கு அறுத்தார். அப்புறம் அதற்கு நாலு விரல் தள்ளி மேலேயிருந்து அறுத்தார். கிளை கயிற்றில் தொங்கி மெதுவாக இறங்கியது. பட்டை உரியவே இல்லை, மேலேயிருந்து மட்டும் வெட்டியிருந்தால் தண்டுப் பட்டையைக் கீழே வரை கிழித்துக்கொண்டு வந்திருக்கும். மிச்சம் நின்ற முழத்துண்டை எடுக்கும்போதுதான் அவர் நேரம் எடுத்தார். கிளை தண்டோடு சேருகிற இடத்தில் மோதிரம் மாதிரி ஒரு வீக்கம் இருக்கிறது, அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை. விரலால் தடவித் தடவி அந்த மோதிரம் முடிகிற இடத்தைக் கண்டுபிடித்து, அதைத் தொடாமல், அதற்கு வெளியே வெட்டினார். தண்டோடு ஒட்ட வழித்தெடுத்தால் மோதிரமும் சேர்ந்து போய்விடும், மரம் காயத்தை மூடுவது அந்த மோதிரத்தை வைத்துத்தான்.

தார் பூசவில்லையா என்று பக்கத்துக் கடை அண்ணன் கேட்டார். நாங்கள் எல்லோரும் பார்த்து வளர்ந்தது அதுதானே, வெட்டினால் தார். பூசத் தேவையில்லை என்று டீச்சர் சொன்னார். அமெரிக்க வனத்துறையில் வேலை செய்த அலெக்ஸ் ஷைகோ என்ற ஆராய்ச்சியாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து, காயம்பட்ட இடத்தை மரம் உள்ளேயே சுவர் எழுப்பித் தனியாக்கிவிடுகிறது என்று 1970களில் எழுதினார். நம் தோல் மாதிரி மரத்தின் காயம் ஆறுவதில்லை, அடைத்து மூடப்படுகிறது. மேலே பூசுகிற தார் அந்த வேலைக்கு உதவாது, ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துக் கெடுதலும் செய்யலாம். இப்போது போய்ப் பார்த்தால் என் மரத்தில் அந்த வெட்டுவாயைச் சுற்றி உதடு மாதிரித் தடிப்பாக வளர்ந்து, நடுவில் ஐந்து ரூபாய்க் குத்தி அளவு மட்டும்தான் திறந்திருக்கிறது.

பஸ் ஸ்டாண்ட் மரத்தடிக் கட்டை உடைத்த கதையில் எல்லோரும் அவர்களுக்கு எதிராகத்தான் நின்றோம். எந்தக் காலத்திலோ மரத்தைச் சுற்றித் தண்டோடு ஒட்ட சீமெந்து போட்டு உட்காரக் கட்டு கட்டியிருந்தார்கள். மரத்தின் உணவு வேர்கள் ஆழத்தில் இல்லை, பெரும்பாலும் மேல் மண்ணில் ஒன்றிரண்டு அடிக்குள்தான் பரவியிருக்கின்றன, கிளை விரிந்த அளவையும் தாண்டிப் போகும். அதற்குக் காற்றும் வேண்டும், மழைத் தண்ணீரும் இறங்கவேண்டும். சீமெந்தால் மூடினால் மூச்சு முட்டும். சரி, அதெல்லாம் நியாயம், ஆனால் மலையிலிருந்து இறங்கி வந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கிற வயதான அம்மாமார் உட்காருவதற்கு வேறு இடம் இல்லையே. நாலு மாதம் அவர்கள் நின்றார்கள். அதற்கப்புறம்தான் பலகை வாங்கு போட்டார்கள். வாங்கை முதலில் போட்டுவிட்டுக் கட்டை உடைத்திருக்கவேண்டும். குழுவுக்கு இதை நேரிலும் சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள்.

அவர்களால் என்ன முடியும், என்ன முடியாது என்பதையும் தெரிந்துகொண்டு போனால் நல்லது. மரத்தை வெட்டுகிற அதிகாரம் குழுவுக்கு இல்லை. ரோட்டோரத்து மரம் என்றால் அந்த ரோட்டுக்குச் சொந்தமான இடம், கரண்ட் கம்பி என்றால் மின்சாரத்துக்குப் பொறுப்பான நிறுவனம், தனியார் காணி என்றால் காணிக்காரர். பலா மரம் என்றால் உங்கள் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதி வேண்டும், 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றும் வருகின்றன, பிரதேச செயலகத்துக்குத்தான் போகவேண்டும். குழு செய்வது, உங்கள் மரத்தை வந்து பார்த்து, கொப்பியில் உள்ளதை வைத்துச் சிங்களத்திலும் தமிழிலும் கடிதம் எழுதித் தருவது, அப்புறம் அந்தக் கடிதத்தின் பின்னாலேயே நடப்பது. தமிழில் மட்டும் எழுதிக்கொண்டு போய் நாலு கதவு தட்டின ஆட்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும்.

சந்தி அரசமரத்தை மட்டும் யாரும் கேட்காமலே எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

கன்று நடுவதில் இவர்களை முழு மனதோடு பாராட்டுவேன். ஜூன் 5 சுற்றாடல் தினம் வந்தால் கன்று நட்டுப் போட்டோ எடுப்பதும், அடுத்த பெப்ரவரி வெயிலில் அது குச்சியாக நிற்பதும் நம் ஊரில் வழக்கம். இவர்கள் நட்டது கொஞ்சம்தான், நாகமரமும் செண்பகமும். நாகமரம் 1986இலிருந்து நம் தேசிய மரம், மெதுவாக வளரும், கட்டையில் உறுதி அதிகம். பொலித்தீன் பைக்குள் சுற்றிச் சுற்றி வளர்ந்த வேரைப் பிரித்துவிட்டுத்தான் குழியில் வைத்தார்கள், இல்லாவிட்டால் வேர் தன்னையே சுற்றிக்கொண்டு வளர்ந்து பத்து வருஷம் கழித்து மரத்தை நெரிக்கும். தாங்கு கம்பைத் தளர்வாகக் கட்டினார்கள், காற்றில் ஆடினால்தான் தண்டு பருக்கும் என்று. வருஷம் முடிய வந்து கம்பைப் பிடுங்கினார்கள். வரண்ட மாதங்களில் த்ரீவீல் ஸ்டாண்ட் தம்பிமார் ஆளுக்கொரு கன்றுக்கு வாளியில் தண்ணீர் ஊற்றுகிறார்கள், வண்டி கழுவுகிற தண்ணீர் அல்ல, நல்ல தண்ணீர்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுக்க 600க்கும் அதிகமான உயிர்கள் போனது, கண்டியும் பதுளையும் எங்கள் மாவட்டமும் பட்டது எல்லோருக்கும் தெரியும். எங்கள் டவுனில் அந்த இரவுகளில் கரண்ட் இல்லை, போன் இல்லை, மழைச் சத்தம் மட்டும்தான். விடிந்து பார்த்தபோது இரண்டு மரங்கள் விழுந்திருந்தன. 27 நின்றது. விழுந்ததில் ஒன்று அல்பீசியா, சிவப்புக் கோடு போட்ட மரம், வெட்ட அனுமதி கேட்டு எட்டு மாதம் ஆகியும் பதில் வராத மரம். வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் விழுந்தது, அன்று அங்கே வண்டி இல்லை. கொப்பியில் எழுதுவதால் மட்டும் கிளை நிற்காது என்று டீச்சர் அன்று அழுதார். அதற்குப் பிறகு சிவப்புக் கோட்டு மரங்களின் பட்டியலை ஒவ்வொரு மாதமும் திரும்ப அனுப்புகிறார்கள், மழைக்கு முன்னால் அந்த இடங்களில் கயிறு கட்டி அறிவித்தல் போடுகிறார்கள், இரண்டு மொழியிலும். மரம் இருந்தால் மண் சரியாது என்று சிலர் சொல்வதை இவர்கள் சொல்வதில்லை, அதுவும் எனக்குப் பிடித்தது. வேர் மேல் மண்ணைப் பிடிக்கும், சரிவு ஆழத்திலிருந்து கிளம்பினால் மரத்தோடுதான் மலை இறங்கும். கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விட்டால் மரத்தை நம்பி வீட்டில் இருக்கவேண்டாம்.

குறைகள். மரம் ஏறுகிறவர்களுக்குக் காப்புறுதி கிடையாது. ஆரம்பத்தில் இடுப்புக் கயிறு கூட இல்லாமல் மாமா ஏறினார், அவருக்கு 60 தாண்டிவிட்டது. கடைக்காரர்கள் சேர்ந்து ஹெல்மெட்டும் நல்ல கயிறும் வாங்கிக் கொடுத்தோம், ஆனாலும் அவர் மேலே இருக்கும்போது எனக்கு வேலை ஓடாது. இளம் பிள்ளைகள் இரண்டு பேரையாவது அவர் பழக்கவேண்டும், சீக்கிரம் பழக்கவேண்டும், அந்தக் கை போனால் திரும்ப வராது. சனிக்கிழமை மட்டும்தான் வேலை, மழை என்றால் அதுவும் இல்லை, எங்கள் பக்கத்தில் மே தொடங்கி செப்டெம்பர் வரை எத்தனை சனிக்கிழமை மிஞ்சும் சொல்லுங்கள்.

இதெல்லாம் சின்னது. எனக்கு உள்ளபடி மனது பொறுக்காத குறை, அவர்களுடைய கொப்பி டவுன் எல்லைக் கல்லோடு முடிகிறது. அந்தக் கல்லுக்கு மேலே நடந்தால் பத்து நிமிஷத்தில் நான் பிறந்த லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. லயத்துக்குப் பின்னால் டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மரங்கள், ஒவ்வொன்றும் லயத்தை விட ஐந்தாறு மடங்கு உயரம். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார், காற்று அடிக்கிற இரவுகளில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முன் அறையில் படுக்கிறார், பின் அறைக்கு மேல்தான் மரம் சாய்கிறது. தோட்டத்திடம் கேட்டால் பார்க்கிறோம் என்கிறார்கள். சபையிடம் கேட்டால் தோட்டக் காணி என்கிறார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைச் சட்டத்தை 2018இல் திருத்தி, தோட்டக் குடியிருப்புகளிலும் சபைகள் வேலை செய்ய வழி வைத்தார்கள். சட்டத்தில் வழி வந்து இத்தனை வருஷம், மரத்தைப் பார்க்க ஓர் ஆள் வரவில்லை. கடைக் கூரையைப் பார்க்க வருகிற குழு லயத்துக் கூரையைப் பார்க்க வரவேண்டாமா? டவுனுக்குக் கொழுந்தும் காசும் அங்கேயிருந்துதானே வருகிறது.

புள்ளி போடச் சொன்னால் ஐந்துக்கு நாலு போடுவேன். உங்கள் மரத்தைக் காட்டவேண்டும் என்றால் சனிக்கிழமை காலை எட்டரைக்கு நூலக வாசலுக்குப் போங்கள், பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் இரண்டு கொண்டுபோங்கள், ஒன்று அடித்தண்டு, ஒன்று முழு மரம். காசு வாங்கமாட்டார்கள். வெட்டித்தான் ஆகவேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டு போகவேண்டாம், முதலில் பார்க்கவிடுங்கள்.

இந்தக் குறையை நான் போன மாதக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். எல்லைக்கு வெளியே போக எங்களுக்கு யார் அனுமதி தருவது என்று ஒருவர் கேட்டார், அது பிழையான கேள்வி என்றும் சொல்லமுடியாது. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை வேலை முடிந்து மாமாவும் டீச்சரும் என்னோடு மேலே நடந்து வந்தார்கள். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார், மாமாவிடம் அப்பாவைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். அப்புறம் மாமா பின்பக்கம் போய், சாய்ந்து நின்ற அந்த மரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். ஒரு இடத்தில் சத்தம் மாறியது, எனக்கே கேட்டது. திரும்ப அதே இடத்தில் தட்டினார். டீச்சர் கொப்பியைத் திறந்தார், நம்பர் போட்ட பக்கங்களை எல்லாம் தள்ளிக் கடைசிப் பக்கத்துக்குப் போய், நம்பர் இல்லாமல், தேதியும் சுற்றளவும் எழுதினார். கீழே இடம் விட்டிருக்கிறார்.